புன்னை மரத்து ஓட்டைகள்

அத்தியாயம் 5

விலை மதிக்க முடியாத அந்தப் படத்தின் விலை நாற்பதாயிரம் ரூபாய். ஃபோம் கம்பெனி அப்பாவு இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வார். இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டவில்லையே என்று அவருக்கும் தோன்றியதில்லை, எதிரே உட்கார்ந்து அவர் வாங்கிக் கொடுத்த காபியைக் குடிக்கிறவர்களுக்கும் தோன்றியதில்லை. விலை மதிக்க முடியாதது என்பது விருந்தாளிக்கு. நாற்பதாயிரம் என்பது இன்ஷூரன்ஸுக்கு.

படம் பழவேற்காடு ஏரிக்கரை. நூறு வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒரு வெள்ளைக்கார ரயில்வே இஞ்சினியர் வேலை இல்லாத சாயங்காலங்களில் உட்கார்ந்து வரைந்தது. மெட்ராஸில் ஒரு பழைய பங்களாவை ஏலம் விட்டபோது பீரோ, சாய்வு நாற்காலி, தொப்பி மாட்டும் கொம்பு இவற்றோடு ஒரே லாட்டாக அப்பாவு கைக்கு வந்தது. வந்த புதிதில் ஸ்டோர் ரூமில் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றது. விஷயம் தெரிந்த ஒருவர் வந்து விலை சொன்ன அன்றுதான் அதற்கு அப்பாவுவின் ஆபீஸ் அறையில் ஆணி அடிக்கப்பட்டது.

அந்தப் படம் வியாழக்கிழமை களவு போனது. களவு என்றால் சுவர் காலியாகவில்லை. படம் மாட்டின ஆணியில் மாட்டினபடி இருந்தது. ஆனால் அது போலி என்றும், அசலைக் கொண்டுபோய்விட்டு அதே அளவில் இன்னொன்றை யாரோ மாட்டியிருக்கிறார்கள் என்றும் அப்பாவு போலீஸில் சொன்னார். ‘யாரோ’ என்று சொன்னது மரியாதைக்கு. செவ்வாய்க்கிழமை படத்தின் சட்டத்துக்கு வார்னிஷ் அடிக்க வந்த போர்டு பெயிண்டர் யேசுதாஸின் பெயரை அடுத்த வாக்கியத்தில் சொல்லிவிட்டார். அன்று பொழுது சாயும் முன்பே யேசுதாஸ் ஸ்டேஷனில் இருந்தான். கைது என்று யாரும் எழுதவில்லை. எழுதினால் மறுநாளே மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். ஆகவே விசாரணைக்கு அழைத்திருக்கிறார்கள். அழைப்பு இரண்டு ராத்திரியாக நீண்டுகொண்டிருந்தது.

இன்று சனிக்கிழமை. திங்களன்று கோர்ட்டு, அங்கிருந்து நேரே சப்ஜெயில் என்று இன்ஸ்பெக்டர் பரசுராமன் சொல்லியாயிற்று.

திருவள்ளூரில் கோர்ட்டுக்குப் பின்னால், ஒரு பாத்திரக் கடையின் மாடியில், செங்கம்மாளின் துப்பறியும் ஆபீஸ். வட்டிக்கடைக்காரரின் மகள். கல்லில் உரசாமலே கவரிங் நகையைச் சொல்லிவிடுகிறவள். அதெப்படி என்று கேட்டால், நகையைப் பார்ப்பதில்லை, கொண்டுவந்த ஆளைப் பார்க்கிறேன் என்பாள். வயது ஐம்பதுக்குப் பக்கம். அவளுடைய உதவியாளன் திருமலை, பத்து வருஷம் ஏலக் கம்பெனியில் கூவிவிட்டுத் தொண்டை கட்டிப்போய் வந்தவன். தொண்டை சரியாகிவிட்டது. வாய்தான் ஓயவில்லை.

காலையில் அந்த மாடிக்கு ஒரே வழக்கு இரண்டு முறை ஏறி வந்தது. முதலில் இன்ஷூரன்ஸ் கம்பெனி, டெலிபோன் வழியாக. நாற்பதாயிரத்தைக் கொடுக்காமலிருக்க நியாயமான ஒரு காரணம் கிடைக்குமா என்று மேனேஜர் கேட்டார். அப்புறம் ஞானம்மா, கால்நடையாக. யேசுதாஸின் மனைவி, அதே ஃபோம் கம்பெனியில் கட்டிங் செக்‌ஷனில் வேலை. அவளுக்கு நாற்பதாயிரம் பற்றிக் கவலையில்லை. புருஷன் வெளியே வர வேண்டும்.

ஒரே கேஸுக்கு இரண்டு கட்சிக்காரர்கள், ஒருவர் காசு கொடுப்பார், இன்னொருவர் கண்ணீர் கொடுப்பார், ரசீது யார் பேரில் போடுவது என்று திருமலை கேட்டான். செங்கம்மாள் குடையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். பெரியபாளையம் வழியாகப் போகிற பஸ்ஸில் ஞானம்மாவை ஜன்னலோரம் உட்கார வைத்துக்கொண்டு கும்மிடிப்பூண்டிக்குப் புறப்பட்டார்கள்.

புதுத் தொழிற்பேட்டையில் ரோடு வருவதற்கு முன்னால் போர்டுகள் வந்திருந்தன. பாதி போர்டுகள் யேசுதாஸ் எழுதியவை. ஃபோம் கம்பெனிக்கு போர்டே வேண்டாம். நாற்றத்தைப் பிடித்துக்கொண்டு போனால் போதும். அழுகின பாதாமையும் மண்ணெண்ணெயையும் சேர்த்துக் காய்ச்சினது போல ஒரு வாடை. திருமலை துண்டை எடுத்து மூக்கைக் கட்டிக்கொண்டான். வாசலுக்கு வந்து வரவேற்ற அப்பாவு, பல் வலியா என்று அக்கறையாக விசாரித்தார். நாற்றம் என்று சொன்னதும் நாலு பக்கமும் திரும்பி மோந்து பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. மருந்து கலக்கிற கொட்டகையில் நின்று நின்று அவருடைய மூக்கு எப்போதோ வேலையை விட்டு நின்றுவிட்டது. இப்போது அது கண்ணாடி மாட்டிக்கொள்வதற்கு மட்டும்.

படத்தைக் காட்டுங்கள் என்றால் அவர் முதலில் ஃபேக்டரியைக் காட்டினார். வந்தவர் இன்ஷூரன்ஸ் ஆளாக இருந்தாலும், துப்பறிய வந்தவராக இருந்தாலும், ஒரு மெத்தை வாங்க மாட்டார் என்று என்ன நிச்சயம்? தொட்டிக்குள் கரைசலை ஊற்றியதும் அது பொங்கி ஆள் உயரத்துக்கு ஏறுவதையும், ஆறினபின் அதைப் பாளம் பாளமாக அறுப்பதையும் காட்டினார். ஒரு துண்டை எடுத்துக் கட்டை விரலால் அழுத்தினார். அழுத்தும்போது மட்டும் அவர் முகத்தில் பக்தி தெரிந்தது.

“இத்த பாரும்மா. ஓட்டை எல்லாம் ஒரே சைஸு. அளந்து வச்சாப்பல கீதா? இதான் ஃபர்ஸ்ட் குவாலிட்டி. ஒண்ணு பெருசு, ஒண்ணு சிறுசு, கோணல்மாணலா வந்திச்சின்னு வையி, அது செகண்ட்ஸ். பாதி டப்புக்குத்தான் போவும்.”

முதலாளி எந்தக் குவாலிட்டியில் படுக்கிறார் என்று திருமலை கேட்டான்.

“நான் தேங்கா நார் மெத்தைதான் நைனா. இது ஒடம்புக்குச் சூடு.”

ஆபீஸ் அறையில் படம் மேஜைக்குப் பின்னால் தொங்கியது. நாலடி நீளம், மூன்றடி உயரம், அரக்குப் பூசிய தேக்குச் சட்டம். எண்ணெய்ச் சாயத்தில் போட்ட படம். செங்கம்மாள் முதலில் தள்ளி நின்று பார்த்தாள். தூரத்துக் கரை, கந்தல் துணியால் ஒற்றி எடுத்த மாதிரி ஊதா நிறத்தில் கரைந்து கிடந்தது. ஏரித் தண்ணீரைப் பட்டைப் பிரஷ்ஷால் இடமிருந்து வலமாக ஒரே இழுப்பில் இழுத்து, ஈரம் காயும் முன் வெளிச்சத்தைக் கீறியிருந்தார்கள். கரையில் கவிழ்த்துப் போட்ட படகின் பலகையில் காய்ந்த பிரஷ் ஓடின சொரசொரப்பு. விரல் வைத்தால் சிராய் ஏறும் போலிருந்தது. இடப்பக்கம் முழுக்க ஒரு பெரிய புன்னை மரம். அதன் இலைகளைப் பிரஷ் தொடவில்லை. பஞ்சைச் சாயத்தில் தோய்த்து ஒற்றியிருந்தார்கள். கீழே கரும்பச்சை, அதற்கு மேல் இளம்பச்சை, வெயில் படுகிற இடத்தில் மஞ்சள். ஒற்றின இடமெல்லாம் பஞ்சின் ஓட்டைகள் பதிந்து, அந்த ஓட்டைகள்தான் இலைகளுக்கு நடுவில் தெரியும் வானமாக நின்றன.

செங்கம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மூக்கு படுகிற தூரத்தில் போய் அந்த மரத்தையே மேய்ந்தாள். ஒரு ஓட்டை மிளகு அளவு, பக்கத்தில் ஒன்று கடுகு அளவு, அடுத்தது இரண்டும் சேர்ந்து கிழிந்த மாதிரி.

போலி என்று எப்படிக் கண்டுபிடித்தார் என்று அப்பாவுவைக் கேட்டாள். அவர் அதற்காகவே காத்திருந்தவர் போலச் சொன்னார். வியாழன் காலை காபி டம்ளரோடு திரும்பினாராம், மரத்தைப் பார்த்தாராம், டம்ளர் கையை விட்டு நழுவிவிட்டதாம்.

“என்னோட படத்துல எல அப்பிடியே சீரா நிக்கும்மா. ஒண்ணுக்கொண்ணு அச்சு மாதிரி. இது இன்னா, கண்டமேனிக்கு அப்பிக் கீது. நான் இருவது வருசமா பஞ்சு பாக்கறவன். என் கண்ணுல மண்ணத் தூவ முடியுமா?”

இதைச் சொல்லும்போது அவர் படத்தைப் பார்க்கவில்லை, செங்கம்மாளின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதைத் திருமலையும் கவனித்தான். அடகு வைக்க வருகிறவன் நகையைப் பார்க்க மாட்டான், வட்டிக்காரன் முகத்தைத்தான் பார்ப்பான் என்று செங்கம்மாள் பல முறை சொல்லியிருக்கிறாள். இன்னொன்றையும் கவனித்தான். நாற்பதாயிரம் போன ஆள், அவர்கள் இருந்த நேரத்துக்குள் இரண்டு தட்டு பூரியை முடித்திருந்தார்.

வெளியே வந்ததும் திருமலை தன் தீர்ப்பைச் சொன்னான். அப்பாவுதான் கள்ளன். அசலை எங்கேயோ பதுக்கிவிட்டுப் போலியை மாட்டி நாடகம் ஆடுகிறார். இதற்கு ஏன் கண்ணாடி போட்டுக்கொண்டு மரத்தில் பேன் பார்க்க வேண்டும் என்று கேட்டான்.

“பாதி சரியாச் சொன்ன” என்றாள் செங்கம்மாள். எந்தப் பாதி என்று சொல்லவில்லை.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் பரசுராமன் கெட்டவர் இல்லை. கைக்கு எட்டின மாம்பழம் இருக்கும்போது மரம் ஏற விரும்பாதவர், அவ்வளவுதான். யேசுதாஸ் வீட்டில் எடுத்த பிரஷ்களையும் சாய டப்பாக்களையும் மேஜை மேல் பரப்பிக் காட்டினார். அவருடைய வாதம் எளிமையானது. சுவரில் இருப்பது போலி; போலி என்று சொந்தக்காரரே சொல்கிறார். இந்த வட்டாரத்தில் லாரிக்குப் பின்னால் மலையும் மரமும் வரைகிற கை இது ஒன்றுதான். படத்தைத் தொட்டவனும் இவன் ஒருவன்தான். வேறென்ன வேண்டும்?

யேசுதாஸ் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். முதுகைச் சுவரில் சாய்க்காமல் உட்கார்ந்திருந்த விதத்திலேயே இரண்டு ராத்திரியின் விசாரணை தெரிந்தது. செங்கம்மாள் கேட்கக் கேட்க, போலீஸுக்குச் சொன்னதையே மறுபடி சொன்னான். மூன்று மாதத்துக்கு முன்னால் அப்பாவு அவனைக் கூப்பிட்டு, ஆர்.கே.பேட்டையில் இருக்கும் மகள் வீட்டுக்கு இந்தப் படத்தைப் போலவே ஒன்று வேண்டும் என்றாராம். பார்த்து வரைய அசலைக் கொடுத்தாராம். அதே ஏலத்தில் வந்த இன்னொரு பழைய படத்தையும் கொடுத்து, அதை அழித்து அதன் மேலேயே வரையச் சொன்னாராம்; துணியும் சட்டமும் பழசாகத் தெரிய வேண்டும், மகளுக்கு வித்தியாசம் தெரிந்தால் மனசு கஷ்டப்படும் என்று. வரைந்து, காய வைத்து, டீத்தண்ணி கலந்த வார்னிஷ் அடித்து, இரண்டு படத்தையும் சாக்கில் சுற்றி அப்பாவு வீட்டில் கொண்டுபோய் வைத்தான். எது எது என்று காட்ட வாயைத் திறந்தபோது, என் படம் எனக்குத் தெரியாதா என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். செவ்வாய்க்கிழமை சட்டத்துக்கு வார்னிஷ் அடித்தபோதும், சாயம் தெறிக்கக்கூடாது என்று படத்தைத் தாளால் மூடியே வைத்திருந்தாராம்.

சாட்சி இருக்கிறதா என்று இன்ஸ்பெக்டர் கேட்டிருந்தார். சாக்குப் பை இருந்தது. சாட்சி இல்லை.

“அது கெடக்கட்டும். புன்னை மரத்துக்கு எல எதால போட்ட?” என்றாள் செங்கம்மாள்.

இதுவரை தடங்கல் இல்லாமல் பேசினவன் நின்றுவிட்டான். பிரஷ்ஷால்தான் என்றான். என்ன பிரஷ் என்று கேட்டதற்குப் பெரிய பிரஷ் என்றான். சொல்லும்போது அவன் பார்வை, வாசலில் நின்ற ஞானம்மா மேல் போய்விட்டு வந்தது. பத்து வருஷம் ஏலத்தில் கூவினவனுக்கு, எந்த ஆள் மனசுக்குள் விலையை மறைத்து வைத்திருக்கிறான் என்பது தெரியாதா? திருமலை ஞானம்மாவிடம் போய், உன் வீட்டுக்காரர் உனக்காகத்தான் பொய் சொல்கிறார், அந்தப் பொய் அவரை ஜெயிலுக்குக் கொண்டுபோகும், பிறகு உன் இஷ்டம் என்று சொன்னான். விளையாட்டில்லாமல் அவன் பேசியது அன்றைக்கு அது ஒரு முறைதான்.

ஞானம்மா உள்ளே வந்து செங்கம்மாளின் காதோரம் சொல்லப் பார்த்தாள். குரல் அடங்கவில்லை.

“நான்தாங்க்கா கொணாந்தேன். கட்டிங்ல உழற துண்டு ஃபோமு. டிபன் கேரியர்ல வச்சி கேட்டைத் தாண்டி எடுத்தாந்தேன். தெரிஞ்சா சீட்டக் கிழிச்சிருவாங்க. அதான் இது வாயத் தொறக்கல.”

கழிவுத் துண்டுதான். ஆனால் கம்பெனியில் அதையும் எடை போட்டு விற்கிறார்கள், எடுத்தால் திருட்டு. ஒரு திருட்டில் மாட்டிக்கொண்டவன், பெண்டாட்டி தலையில் இன்னொரு திருட்டு விழாமலிருக்க இரண்டு நாளாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்திருக்கிறான். இன்ஸ்பெக்டர் அந்த நேரம் பார்த்து ஜன்னலுக்கு வெளியே ஒரு காக்கையை வெகு உன்னிப்பாக ஆராய்ந்துகொண்டிருந்தார். அவருக்குக் காது கேட்காத சமயங்களும் உண்டு.

அந்தத் துண்டு இப்போது எங்கே என்று செங்கம்மாள் கேட்டாள். வீட்டில் இருக்கிறது, பாத்திரம் தேய்க்கிறேன் என்றாள் ஞானம்மா. சாயம் காய்ந்து மொரமொரப்பாகிவிட்டதால் அடிப்பிடித்த சட்டிக்கு அதைவிட நல்லது கிடையாதாம். போலீஸார் வீட்டைப் புரட்டியபோது அது தண்ணீர்த் தொட்டி மேல்தான் கிடந்திருக்கிறது. சாய டப்பாவைத் தூக்கிவந்தவர்கள் அதைத் தொடவில்லை.

ரயில் பாதைக்கு அந்தப் பக்கம்தான் வீடு. ஓடிப்போய் எடுத்து வந்தாள். உள்ளங்கை அகலத் துண்டு. ஒரு பக்கம் கரி, மறுபக்கம் காய்ந்த பச்சை. செங்கம்மாள் அதில் ஒரு ஓரத்தைக் கிள்ளி, உள்ளிருந்த சுத்தமான முகத்தை இன்ஸ்பெக்டரின் முத்திரை மை மேல் வைத்து அழுத்தி, ஒரு வெள்ளைத் தாளில் ஒற்றினாள். தாளில் சின்னச் சின்ன ஓட்டைகள் தேன்கூடு மாதிரி வரிசை கட்டி நின்றன. பெரியது இல்லை, சிறியது இல்லை.

முழு மரத்துக்கும் இது ஒன்றுதானா, கடையில் விற்கிற கடல் பஞ்சு வாங்கவில்லையா என்று யேசுதாஸைக் கேட்டாள். மெட்ராஸ் கடையில் ஒரு கடல் பஞ்சுக்கு எட்டு ரூபாய் கேட்கிறார்கள், எட்டு ரூபாய்க்கு அரிசி வாங்கினால் வீட்டில் நாலு நாள் ஓடும் என்றான் அவன். மரத்தின் மூன்று நிறத்துக்கும் இதே துண்டுதான், அலசி அலசிப் போட்டானாம்.

செங்கம்மாள் தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். இன்ஸ்பெக்டரை ஃபேக்டரி வரைக்கும் ஒரு நடை கூப்பிட்டாள். படிக்கட்டில் திருமலையின் முழங்கையைக் கிள்ளி, அந்தப் போலிப் படத்தை அப்பாவுவிடம் விலைக்குக் கேள் என்றாள்.

“இன்னாத்துக்குக்கா?”

“உங்க ஊட்டுச் சுவத்துல ஓதம்னு சொன்னியே, மறைக்கறதுக்கு. இருவது ரூபாய்க்கு மேல போவாத.”

வீட்டுச் சுவரில் ஓதம் இருப்பது உண்மை. அதை நாலடி நீளத்தில் மறைக்க வேண்டும் என்று அவன் எப்போதும் நினைத்ததில்லை. ஆனாலும் விலை பேசு என்றால் திருமலைக்குக் காரணம் வேண்டாம்.

அப்பாவுவின் அறையில் அவன் படத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, சட்டத்தைத் தட்டி, போலிதானே, கேஸ் முடிந்ததும் இதை என்ன செய்யப் போகிறீர்கள் என்று பேச்சைத் தொடங்கினான். அப்பாவு கண்ணை மூடித் திறந்தார். திருட்டுக் கொடுத்த துக்கம் ஒரு பக்கம். வாங்குகிறேன் என்று ஒருவன் வாசலுக்கு வந்து நிற்பது இன்னொரு பக்கம். அவருக்கு இரண்டாவதுதான் குலதெய்வம். தேக்குச் சட்டம் மட்டும் ஐம்பது பெறும் என்றார். சட்டத்தின் மூலையில் பூச்சி அரித்திருக்கிறது என்று திருமலை காட்டினான். நாற்பது. உள்ளே இருக்கிற படம் ஜெயிலுக்குப் போகப் போகிறவன் வரைந்தது, வீட்டுக்கு ஆகாது என்று பெண்டாட்டி சொல்லுவாள் என்றான். முப்பது. பன்னிரண்டு என்றான் திருமலை. இன்ஸ்பெக்டர் இடையில் புகுந்து, இது கேஸ் சொத்து என்று நினைவுபடுத்தினார். கேஸ் முடிந்தபிறகு எடுத்துக்கொள்ளட்டும், பணத்தை மட்டும் இப்போதே வாங்கிக்கொள்கிறேன் என்று அப்பாவு சமாதானம் சொன்னார். பதினெட்டில் கையடித்து முடித்தார்கள். மூன்று ஐந்து ரூபாய் நோட்டும் மூன்று ஒரு ரூபாய் நோட்டும் அப்பாவுவின் சட்டைப் பைக்குள் இறங்கின.

செங்கம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். விற்றது போலிதான் என்று இன்ஸ்பெக்டர் முன்னால் ஒரு தடவை சொல்லிவிடுங்கள், பின்னால் வில்லங்கம் வரக்கூடாது என்று கேட்டுக்கொண்டாள். பெரியபாளையத்தம்மா சத்தியமாகப் போலி என்றார் அப்பாவு.

அவள் தாளை விரித்து மேஜை மேல் வைத்தாள்.

“மொதலாளி, காலைல நீங்கதான் எனக்குப் பாடம் சொல்லிக் குடுத்தீங்க. மிஷின்ல பொங்கற பஞ்சுக்கு ஓட்டை எல்லாம் ஒரே அளவு. யேசுதாஸ் மரம் போட்டது உங்க பஞ்சுல. இதோ, இப்பிடித்தான் பதியும். இப்ப எழுந்து அந்த மரத்தைப் பாருங்க.”

அப்பாவு எழுந்து பார்த்தார். அந்தப் படம் அவரிடம் வந்து ஐந்து வருஷமாகிறது. அதைப் பார்க்க என்றே அவர் எழுந்து நின்றது அன்றுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும்.

“மிளகாட்டம் ஒண்ணு, கடுகாட்டம் ஒண்ணு. கடல்ல மொளைக்கிற பஞ்சுக்கு உங்க ஃபர்ஸ்ட் குவாலிட்டி தெரியாது, அதும்பாட்டுக்கு வளரும். அதால ஒத்தினா இப்பிடித்தான் இருக்கும். வெள்ளக்காரன் வரைஞ்ச காலத்துல உங்க கம்பெனி இல்லையே. அவன் கடல் பஞ்சுலதான் ஒத்தியிருக்கான்.” அவள் திருமலையைத் திரும்பிப் பார்த்தாள். “பதினெட்டு ரூபாய்க்கு நீ வாங்கினது அசலு.”

திருமலைக்கு உட்காரத் தோன்றியது. உட்கார நாற்காலி இல்லை.

அப்பாவு மரத்தைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், மறுபடி மரத்தைப் பார்த்தார். இருபது வருஷ அனுபவம் அவருடைய நெற்றியில் வியர்வையாக வழிந்தது. இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஓட்டை சீராக இருப்பதை உயர்ந்த சரக்கு என்று எடுத்துவைத்து, கோணலாக இருந்ததைக் கழிவு என்று ஒதுக்கினவர் அவர். புதுச் சாயத்தின் வாடையாவது அவரை எச்சரித்திருக்கலாம். அந்த மூக்குதான் ராஜினாமா செய்துவிட்டதே. அவர் வாய், அவரைக் கேட்காமலே திறந்தது.

“அப்போ ஊட்டு பீரோவுல கீறது இன்னா?”

சொன்னபிறகுதான் அது அவர் காதிலும் விழுந்தது. இன்ஸ்பெக்டர் காதில் அதற்கு முன்பே விழுந்துவிட்டது. பரசுராமன் மேஜை மேலிருந்த தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். அதுவரை அவர் விருந்தாளி.

அப்பாவுவின் வீடு இரண்டு தெரு தள்ளி. பீரோவில் மனைவியின் கல்யாணப் பட்டுப் புடவைக்குள் சுற்றி, இரண்டு அந்து உருண்டை போட்டு, அந்தப் படம் பத்திரமாக இருந்தது. இன்ஸ்பெக்டர் புடவையை விலக்கியதும் புன்னை மரம் தெரிந்தது. ஒவ்வொரு இலையும் மெத்தைபோலச் சீர். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், துண்டு ஃபோமின் நேர் வெட்டு மூலை அங்கங்கே கிளைகளுக்கு நடுவில் லட்டுப் பெட்டி மாதிரி சதுரம் காட்டியது.

அப்பாவு விட்ட இடத்திலிருந்து பேரம் பேச ஆரம்பித்தார். புகாரை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், இன்ஷூரன்ஸும் வேண்டாம், எல்லாம் ஒரு ஞாபகப் பிசகு என்றார். இன்ஸ்பெக்டர் பொய்ப் புகாருக்கு என்ன தண்டனை என்பதை நிதானமாக, பிரிவு எண்ணோடு எடுத்துச் சொன்னார். ஞானம்மா டிபன் கேரியரில் என்ன கொண்டுபோனாள் என்கிற பேச்சு எங்கும் எழவில்லை. இன்ஸ்பெக்டருக்கு அது காக்கையோடு பறந்துபோயிருந்தது. அப்பாவுவுக்கு அதைவிடப் பெரிய பேஜாரு இருந்தது.

இரண்டு படமும் கேஸ் சொத்தாக ஜீப்பில் ஏறின. தன் படத்தையாவது விடுங்கள், விலை கொடுத்து வாங்கினது என்று திருமலை ஜீப்பைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினான். கோர்ட்டில் கேட்டு வாங்கிக்கொள்ளும்படி சொன்னார்கள். சரி, பதினெட்டு ரூபாயையாவது தரச் சொல்லுங்கள் என்றான். அப்பாவு அப்போது மயக்கம் வருகிறது என்று சொல்லி ஜீப்பில் சாய்ந்திருந்தார். மயக்கத்திலும் ஒரு கை சட்டைப் பையை மூடியிருந்தது.

பொழுது இறங்கும் நேரத்தில் யேசுதாஸை வெளியே விட்டார்கள். பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்துக் கடையில் நாலு பேரும் டீ குடித்தார்கள். ஞானம்மா புருஷனின் சட்டை முதுகில் ஒட்டியிருந்ததை மெல்லப் பிரித்துவிட்டு, கையை அங்கேயே வைத்திருந்தாள். செங்கம்மாள் இன்ஷூரன்ஸ் மேனேஜருக்கு என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தாள். கொடுக்க வேண்டாம் என்பதை அவர் சந்தோஷமாகக் கேட்பார், இவள் ஃபீஸைக் கேட்டால் முகம் மாறும்.

யேசுதாஸ் டீயைப் பாதியில் நிறுத்தினான். ரொம்ப நேரமாக அவனுக்குள் ஒன்று முட்டிக்கொண்டிருந்தது.

“அண்ணா, மெய்யாலுமே என்னுதத்தான் அசல்னு எடுத்து வச்சாரா?”

“பட்டுப் பொடவை சுத்தி. அந்து உருண்டை போட்டு” என்றான் திருமலை.

யேசுதாஸ் டம்ளருக்குள் பார்த்துக்கொண்டு குடித்தான். சிரிக்கிறானா என்று தெரியாதபடி டம்ளரை ரொம்ப நேரம் இறக்கவில்லை.

அப்படியானால் கணக்கைப் பார்த்துவிடலாம் என்றான் திருமலை. உனக்குப் போனது இரண்டு ராத்திரி, முதுகுத் தோல் கொஞ்சம். வந்தது வெள்ளைக்காரனை ஜெயித்தாய் என்கிற பேர். ஒன்றுக்கொன்று கழித்துக்கொள்ளலாமா என்று கேட்டான்.

யேசுதாஸ் டம்ளரைக் கீழே வைத்து, நியாயமாகவே யோசித்தான்.

“பேரு வேற, கூலி வேறண்ணா. நூத்தம்பது பேசினாரு. சாயம் வாங்கச் சொல்லி முப்பது குடுத்தாரு. மீதி வர்ல.”

“நூத்தி இருவது” என்றாள் செங்கம்மாள், பஸ் வருகிற திசையைப் பார்த்தபடி.

“என்னுது பதினெட்டு” என்றான் திருமலை.

அப்பாவு பேரில் பற்று நூற்று முப்பத்தெட்டு. வரவு இல்லை. இரண்டு ராத்திரியை எந்தப் பக்கம் எழுதுவது என்று யாருக்கும் தெரியாததால் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.